மூஞ்சிக்கு நேரே

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து இட்லி தின்கிற பெண்ணாக ஜெனிபர் இருந்திருந்தால் தெருவுக்கு இத்தனை வேலை இருந்திருக்காது. அவளோ முக்காட்டை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மறைக்கல்வி அறைக்குச் சாவி வாங்கப் போய்விடுவாள். சின்னப் பிள்ளைகள் ஜெபம் படிக்கிற குட்டை பெஞ்சுகளில், முழங்கால் தாடையில் இடிக்க, பத்துப் பன்னிரண்டு தடிமாடுகள் அவளுக்காக உட்கார்ந்திருக்கும். அவர்களில் பாதிப் பேரைப் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள்.

இவர்களுக்கு ஜெனிபர் பாட்டு எழுதக் கற்றுக்கொடுத்தாள். பாட்டு என்றதும் ராகம், சுருதி என்று நினைத்துவிட வேண்டாம். மூச்சு விடாமல், கையை ஆட்டி ஆட்டி, சண்டைக்குப் போகிற மாதிரியே பேசுவது. ராப். சென்னையில் காலேஜ் படித்தபோது அவளும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுப் பாடி யூடியூபில் ஏற்றியவள்தான். அந்த வீடியோவை அதிகம் பார்த்தது அவள் அம்மா பாக்கியமேரி என்று தெருவில் ஒரு பேச்சு. பாக்கியமேரி அதை மறுத்ததில்லை. கூட்டாளிகள் ஆளுக்கொரு வேலைக்குப் போனதும் ஜெனிபர் விருத்தாசலத்துக்கே திரும்பி வந்தாள். பீங்கான் கம்பெனி ஒன்றில், சூளையிலிருந்து வரும் ஃப்யூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைத் தனியே ஒதுக்குகிற வேலை. இருபத்தெட்டு வயது. யாராவது கல்யாணப் பேச்செடுத்தால் பென்சிலை எடுத்து மேசையில் தாளம் தட்ட ஆரம்பித்துவிடுவாள். கேட்டவர்களே எழுந்து போய்விடுவார்கள்.

முதல் மாதமே வகுப்பை இழுத்து மூடவேண்டிய நிலைமை வந்தது. இந்த ராப்பில் ஒருவனை ஒருவன் திட்டிப் பாடுவது ஒரு வகை. இரண்டு பேர் மாறி மாறித் திட்டி போனில் போட்டுக்கொண்டார்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒருவன் ஹெல்மெட்டால் மற்றவன் மண்டையை விசாரித்துவிட்டான். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி ஃபாதர் ஆள் அனுப்பினார். ஜெனிபர் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, அடுத்த வகுப்பில் ஒரு சட்டம் போட்டாள்.

"யாரை வேணா திட்டு. ஆனா மொதல்ல அந்தாளு மூஞ்சிக்கு நேரா நின்னு படிச்சுக் காட்டிட்டு வா. அவங்க பதில் சொன்னா வாயை மூடிக்கிட்டுக் கேளு. அதுக்கப்புறம்தான் மைக்கு, போனு எல்லாம்."

"அடிச்சாங்கன்னாக்கா?" என்றான் பிரபாகரன். கூட்டத்திலேயே வாய் நீளமானவன் அவன்.

"அடிக்கிற மாதிரி எழுதியிருக்கேன்னு அர்த்தம். திருத்து."

இந்தச் சட்டத்தால் விருத்தாசலத்தில் வசவின் தரம் உயர்ந்தது. மூஞ்சிக்கு நேராகப் படிக்க வேண்டும் என்றதும், அம்மாவையும் அக்காவையும் இழுக்கிற வரிகள் தாமாகக் காணாமல் போயின. எஸ்.ஐ.யைப் பற்றி எழுதியவன் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்விட்டு வந்து, வெயிலைப் பற்றி எழுதினான். பிரபாகரன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேவநாதன் டீக்கடை முன்னால் போய் நின்றான்.

'தேவநாதன் டீயில தெரியுது தரை,
பாலுன்னு நெனச்சது பாத்திரத்துக் கறை.'

குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தேவநாதனைப் பார்த்தார்கள். அவர் வடிகட்டியை உதறி ஓரமாக வைத்தார்.

"தரை தெரியுதாமே. தரை தெரியிற வரைக்கும் குடிச்சிருக்கான் பாருங்க. பிடிக்காதவனா இருந்தா பாதியில வெச்சிருக்க மாட்டானா?"

கடையே சிரித்தது, பிரபாகரனும் சேர்ந்து. நல்ல பதில் வந்தால் அதையும் பாட்டில் சேர்த்துத்தான் பாட வேண்டும் என்று ஜெனிபர் சொல்லிவிட்டாள். அந்த வாரம் டீ கொஞ்சம் கெட்டியாக இருந்ததாகக் கேள்வி. அதற்குப் பிறகு யார் யாரைத் திட்டப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் தெருவில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை.

அசீம் இந்தக் கூட்டத்துக்கு ஸ்டேஷன் வழியாக வந்தவன். இருபத்தொரு வயது. பூர்வீகம் மங்கலம்பேட்டை. பாக்கியமேரி வீட்டுக்கு அடுத்த வீட்டில் அம்மா ஜெரினாவோடு இருந்தான். அப்பா நூர் முகம்மது குவைத்தில் ஒரு லாண்டரிக் கடையில் இஸ்திரி போடுகிறார், அசீமுக்குப் பால் பல் விழுந்த காலத்திலிருந்து. பைபாஸில் முன் சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு பைக் ஓட்டியதற்காக அசீம் பிடிபட்டபோது, எஸ்.ஐ. அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கேஸ் எழுதுனா ஒனக்குப் பாஸ்போர்ட்டுல வில்லங்கம் வரும், தெரியுமில்ல? ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ணு கிளாஸுல போய் ஒக்காரு. நீ வரலைன்னு மட்டும் என் காதுக்கு வந்துச்சு..." என்று பாதியில் நிறுத்தினாராம். மீதியை அசீமே நிரப்பிக்கொண்டான்.

வந்த புதிதில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜெனிபரும் அவனைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு நாள் தானாக நாலு வரி நீட்டினான். அவள் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அம்மா, அந்த ஜெரினாக்கா பையன் இருக்கான்ல..." என்று ஆரம்பித்தவள்தான், பாக்கியமேரிக்கு அதற்குப் பிறகு அவன் பெயர் கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாடு இல்லை. கடலூர் இளைஞர் விழாவுக்கு, பைபாஸில் பைக் ஓட்டியதைப் பற்றி அவன் பாடிப் பதிவுசெய்து அனுப்பியதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த நாளில், ஜெனிபர் கம்பெனியில் நல்ல கட்டைகளையெல்லாம் விரிசல் கூடையில் போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம். நூர் முகம்மது போனில் ஜெரினாவிடம், அசீமுக்குத் தன் கடையிலேயே விசா பேசியிருப்பதாகச் சொன்னார். பையன் ஊரில் கிடந்தால் போலீஸ், பைக் என்று கெட்டழிவான், கண்ணெதிரே வைத்துக்கொள்கிறேன் என்றார். ஜெரினா பீரோவைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தாள். அசீம் போனை வாங்கி, "சரி அத்தா" என்றான்.

"போவணும்னு இருக்குதாடா ஒனக்கு?" என்று ஜெனிபர் கேட்டாள்.

"இல்லக்கா."

"அப்போ அதைச் சொல்ல வேண்டியதுதான?"

"அவர்கிட்ட எனக்கு வேற வார்த்தையே வராதுக்கா. 'சரி அத்தா'. 'ம்'. 'வெக்கட்டா'. அவ்ளோதான்."

அடுத்த ஞாயிறு அவன் ஒரு புதுப் பாட்டோடு வந்தான். அவன் படித்து முடித்ததும் அறையில் யாரும் கை தட்டவில்லை. பெஞ்சில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான். அது முழுக்க முழுக்க நூர் முகம்மதைத் திட்டி எழுதியது.

"டேய், கடலூர்ல இதைத்தாண்டா பாடணும்" என்றான் பிரபாகரன். பிறகு அவனுக்கே உறைத்தது. "ஆனா மூஞ்சி குவைத்துல இல்ல இருக்குது."

வீடியோ காலில் படித்தால் செல்லுமா, செல்லாதா? அன்று மத்தியானத்துக்குள் தெரு இரண்டாகப் பிரிந்தது. "போன்ல தெரியறது மூஞ்சி இல்லாம முதுகா?" என்றார் தேவநாதன். ஜெனிபர் இரண்டு நாள் யோசித்தாள். படிக்கக் கேட்டால் அந்த மனிதர் கொதித்துப் போவார், விசா நாளைக்கே வந்து நிற்கும், பையன் "சரி அத்தா" என்று பெட்டி கட்டிவிடுவான். நூர் முகம்மது போன வருடம்தான் வந்துவிட்டுப் போனார். அடுத்த லீவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. அதற்குள் கடலூர் முடிந்துவிடும், பையனுக்கும் வாய் திறந்துவிடும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு, வெளியில் மட்டும் கறாராகச் சொன்னாள்.

"வீடியோ காலு செல்லாது. பிடிக்கலைன்னா அவரு போனை வெச்சுடுவாரு. மூஞ்சின்னா எழுந்து போவ முடியாத மூஞ்சி. கடலூருக்கு நீ அந்த பைபாஸ் பாட்டையே பாடு."

"இந்தப் பாட்டு?"

"இருக்கட்டும். கெட்டா போவும்?"

எல்லாம் சரியாகத்தான் போட்டாள். தன் அம்மாவை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாக்கியமேரி ஒரு கிண்ணம் சுண்டலோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். ஜெரினா வீடியோ காலில் இருந்தாள். பாக்கியமேரி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா பாய்?" என்று ஆரம்பித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்ற பெண் நாட்டாமை செய்கிற பெருமை வாய்க்குள் நிற்குமா? "ஒங்க பையன் ஒங்களை வெச்சுக் கிழிகிழின்னு ஒரு பாட்டு எழுதியிருக்கான் பாய். நீங்க நேர்ல வந்தாதான் படிப்பானாம். எங்க ஜெனிபரு தீர்ப்பு சொல்லிட்டா."

திரையில் நூர் முகம்மதின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று பாக்கியமேரி நினைத்தாள்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வேப்பூர் வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ஆட்டோவிலும் நூர் முகம்மது வந்து இறங்கினார். கையில் ஒரு தோள்பை. கூட, திருச்சியில் வாங்கிய இரண்டு புதுச் சட்டைகள். அட்டைப்பெட்டி இல்லை, கயிறு கட்டிய போர்வை இல்லை. வளைகுடாவிலிருந்து ஒருவர் வெறுங்கையோடு வந்தால் அது விளையாட்டு விஷயம் இல்லை என்று தெருவுக்குத் தெரியும். பத்து நாள் லீவாம். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெனிபரை அழைத்து வர அசீமே வந்தான். படிக்கும்போது அவள் கூட இருக்க வேண்டுமாம். அவன் முகம் பீங்கான் மாதிரி வெளுத்திருந்தது.

"வேணாம்னா வேணாம்டா. நான் சொல்லிக்கிறேன்" என்றாள் ஜெனிபர்.

"இல்லக்கா. இதுக்குன்னே வந்துருக்காரு."

நூர் முகம்மது மேசைமேல் கம்பளியை விரித்து, புதுச் சட்டைகளில் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். தலை நிமிராமலே, "நீதான் தீர்ப்பு சொன்ன பொண்ணா? ஒக்காரும்மா" என்றார். ஜெரினா சமையலறை நிலைப்படியில் நின்றாள். பாக்கியமேரி கிண்ணத்தைத் திரும்ப வாங்க வந்திருந்தாள். யாருமே சொல்லாமல் தேவநாதன் டீ கொண்டுவந்திருந்தார். வாசலில் பிரபாகரனும் இன்னும் சிலரும் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்திருந்தார்கள்.

"படிடா" என்றார் நூர் முகம்மது.

அசீம் படித்தான்.

'அட்டப்பெட்டி வந்துச்சு, அத்தர் பாட்டில் வந்துச்சு,
போத்திக்கப் போர்வ வந்துச்சு, நீ வந்தியா?
ஃபெயிலுன்னு தெரிஞ்சப்ப போனுல கத்துன,
கத்துன சத்தம் வந்துச்சு, நீ வந்தியா?
ஸ்டேஷன் பெஞ்சுல ஒக்கார வெச்சு அப்பன் எங்கன்னாங்க,
ஆகாயத்தக் காட்டுனேன், செத்துட்டாரான்னாங்க,
இல்ல சார், பிளைட்டுல வருவாருன்னேன், நீ வந்தியா?
ஊரான் சட்டைக்கெல்லாம் மடிப்பு வெச்சுத் தேய்க்கிற,
வூட்டுல ஒண்ணு கசங்கிக் கெடக்குது, நீ வந்தியா?'

கடைசி வரியில்தான் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார். அதுவரை கை நிற்கவில்லை. சட்டையை மடித்தார். பட்டனைப் போட்டார்.

"வந்துட்டேன்ல" என்றார்.

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

"வந்தியா, வந்தியான்னு கேட்ட. வந்துட்டேன். வேலையை வுட்டுட்டு, மொதலாளி கால்ல கையில வுழுந்து வந்துட்டேன்." மடித்த சட்டையை அசீம் கையில் வைத்தார். அதன்மேல் விசாத் தாளை வைத்தார். "இப்ப நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நீ வா."

ஜெனிபருக்குப் புரிந்துவிட்டது. பாட்டு அங்கேயே செத்துவிட்டது. வந்து நிற்கிற மனிதரைப் பார்த்து 'நீ வந்தியா' என்று எந்த மேடையில் பாடுவது? போதாததற்கு, பதில் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டவளும் அவள்தான். அசீமின் உதடு அசைவது தெரிந்தது. அது 'ச' வில் ஆரம்பிக்கிற அசைவு.

"பாய்," என்றாள் அவசரமாக, "வாயால சொல்ற பதிலு செல்லாது. எழுதித்தான் குடுக்கணும்."

அசீம் திரும்பிப் பார்த்தான். வாசலில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அப்படியும் ஒரு சட்டமா?" என்றார் நூர் முகம்மது.

"ஆமா பாய்," என்றார் தேவநாதன், டீயை ஆற்றிக்கொண்டே, கண் இமைக்காமல். "என்னைப் பத்தி எழுதுனப்ப நானே எழுதித்தான் குடுத்தேன். ரெண்டு பக்கம். கையெழுத்து சரியில்லன்னு திருப்பி வேற குடுத்தாங்க."

"எம் பொண்ணு அதுல ரொம்பக் கண்டிப்புங்க," என்றாள் பாக்கியமேரி. நற்கருணை வாங்கிய வாய் இன்னும் காயவில்லை. அதற்குள் இப்படி.

நூர் முகம்மது எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "எத்தனை வரி?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவர் படாத பாடு பட்டார். புதுச் சட்டைக்குள் விறைப்புக்கு வைத்திருந்த அட்டையை உருவி, அதில் எழுதினார். டீக்கடையில் உட்கார்ந்து எழுதினார். தேவநாதனிடம், "ஒங்களுக்கு எப்படி வந்துச்சு, ரெண்டு பக்கம்?" என்று கேட்டார். தேவநாதன் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். புதன்கிழமை சாயங்காலம், கடலூர் ஒத்திகைக்குப் பசங்கள் கூடியிருந்த இடத்துக்கு நூர் முகம்மது அட்டையோடு வந்து, குட்டை பெஞ்சில் அசீமுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முறை வந்ததும் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, மேடைப் பேச்சாளர் மாதிரி ஆரம்பித்தார்.

'குடும்பப் பொறுப்பைத் தோளில் சுமந்து
கடல் கடந்து சென்றேன் தியாகம் புரிந்து.'

"பாய்," என்றான் பிரபாகரன், "தப்பா எடுத்துக்காதீங்க. இது கல்யாணப் பத்திரிகையா, கண்ணீர் அஞ்சலி போஸ்டரான்னு தெரியலை."

அசீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், தோள் குலுங்கியது. நூர் முகம்மது மகனின் குலுங்குகிற முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்துக்கொள்வார் என்று ஜெனிபர் பயந்தாள். அவர் உட்கார்ந்து, அட்டையைத் திருப்பி, "அப்ப எப்படி எழுதணும்கிற?" என்றார்.

"காலையில கண்ணு முழிச்சதும் மொதல்ல என்னா தெரியும் பாய்?" என்று ஜெனிபர் கேட்டாள்.

"எங்க?"

"அங்கதான். ரூம்ல."

"மேல் கட்டிலோட பலகை."

"அதை எழுதுங்க. பொறுப்பு, தியாகமெல்லாம் வேணாம். பலகையை எழுதுங்க."

ஜெனிபர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மனிதர் நன்றாக எழுதிவிட்டால் பையன் போய்விடுவான். எழுதாமல் திணறினாலும் லீவு முடிகிற அன்றைக்குப் போய்விடுவான். எதற்கு எழுதச் சொல்லிக்கொடுத்தோம் என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டாள் என்று பாக்கியமேரி சொன்னாள். கதவிடுக்கில் பார்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி அறையில் நிற்க இடமில்லை. ஜெரினா கறுப்பு புர்காவில் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தாள். அந்தக் காம்பவுண்டுக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. நூர் முகம்மது செருமவில்லை. அட்டையைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு படித்தார்.

'கண்ணு முழிச்சா மேல்கட்டில் பலகை.
எவனோ எழுதுன பேரு அதுல இருக்குது. அவன் ஊருக்குப் போயி ரொம்ப வருசம்.
பக்கத்துக் கட்டில்ல கேரளாக்காரன் இருந்தான்.
கொறட்ட வுடுவான். தலகாணிய விட்டு எறிவேன்.
ரெண்டு மாசம் முன்ன கணக்க முடிச்சிட்டுப் போயிட்டான்.
இப்பக் கொறட்ட இல்ல. தூக்கமும் இல்ல.
ஆளு இருக்குதான்னு மொதலாளி கேட்டாரு.
எம் மவன் இருக்கான்னேன்.
நீ கெட்டுப்போவேன்னு சொன்னது சும்மா.
கட்டில் காலியா கெடக்குது. என்னால பாக்க முடியல.'

எதுகை இல்லை, மோனை இல்லை, தாளத்துக்கு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஜெனிபரின் பென்சில் மேசையைத் தொடவே இல்லை.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"இங்கயுந்தான் ஒரு கட்டில் காலியா கெடக்குது. அதுக்கு யாருக்கு விசா போடுறது?"

ஜெரினாதான். உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது. தேவநாதன் மின்விசிறியைப் பார்த்தார். பாக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள், ஆனால் காதை மூடிக்கொள்ளவில்லை. தடிமாடுகள் அத்தனையும் தலையைக் குனிந்து தத்தம் கால் விரலை எண்ணின. நூர் முகம்மதின் காது மடல் இரண்டும் சிவந்து போயின. மனைவி பக்கம் அவர் திரும்பவே இல்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். பை சின்னது, உள்ளே போகவில்லை.

"அசீமு," என்றார். "பாட்டெல்லாம் வேணாம். சும்மா சொல்லு. வர்றியா, வரலியா?"

அசீம் ஜெனிபரைப் பார்த்தான். அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தெரு அவளை மன்னித்திருக்கும், ஆனாலும் சொல்லவில்லை. பென்சிலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் அவள் கற்றுக்கொடுத்ததில் எதுவும் இந்த இடத்தில் அவனுக்கு உதவாது. தாளம் இல்லை, அடுத்த வரி இல்லை.

"வரலை அத்தா," என்றான்.

"ம்," என்றார் நூர் முகம்மது.

அட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "நான் மட்டும் போறேன்" என்றார். பிறகு, பின் வரிசைக்குக் கேட்கிற மாதிரி, சுவரைப் பார்த்து, "இந்த வருசத்தோட முடிச்சுக்கறேன்" என்றார்.

"எந்த வருசத்தோட?" என்றாள் ஜெரினா.

"இந்த வருசந்தான்."

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் எத்தனை வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரியும். ஆகவே தெரு அதை நம்பவில்லை. ஜெரினா நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாளும் அவள் வீட்டில் பிரியாணி வாசனை வந்தது. பாக்கியமேரி கிண்ணத்தைத் தேடி இரண்டு தடவை போனாள்.

செவ்வாய்க்கிழமை அவர் ஆட்டோவில் ஏறினார். விசாத் தாளைக் கிழிக்கவில்லை, மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டார். மொதலாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அசீம் வேப்பூர் வரைக்கும் கூடப் போனான். வழியில் என்ன பேசினார்கள் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்ததில், ஒன்றும் பேசவில்லை, ரோட்டோரக் கடையில் இறங்கிப் பரோட்டா தின்றார்கள், பெரியவர் பையன் தட்டில் ரெண்டைத் தூக்கிப் போட்டார் என்று மட்டும் தெரிந்தது.

கடலூரில் அசீம் பைபாஸ் பாட்டைப் பாடவில்லை. 'நீ வந்தியா'வையே பாடினான். கடைசியில் நிறுத்தி, தாளத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பாவின் பத்து வரியை அப்படியே படித்தான். பரிசு நெய்வேலிப் பெண் ஒருத்திக்குப் போனது. அவள் நன்றாகத்தான் பாடினாள் என்று ஜெனிபரே ஒப்புக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் குவைத்திலிருந்து போன் வந்தது. அசீம் பேசிவிட்டு வைத்தபோது முகம் உப்பியிருந்தது.

"என்னாடா, பரிசு வரலைன்னு திட்டுனாரா?"

"பரிசைப் பத்திக் கேக்கவே இல்லக்கா. 'என் வரிக்குக் கை தட்டுனாங்களா'ன்றாரு."

"என்னா சொன்ன?"

"உண்மையைச் சொன்னேன். அவர் வரிக்குத்தான் தட்டுனாங்க. எனக்கு விசிலு ரெண்டோ மூணோ வந்துச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் வடலூரைத் தாண்டியது. "அக்கா, அந்தாளு வரியை எடுத்துடலாமா?"

ஜெனிபர் முன் சீட்டுக் கம்பியில் பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். பாட்டை முதலிலிருந்து ஒரு தடவை, அந்தப் பத்து வரி இல்லாமல்.

"எடுத்தா நிக்காதுடா."

"தெரியும்," என்றான் அசீம். "அதான் கடுப்பா இருக்குது."